தேறிய முகம்

எங்கள் பக்கத்துச் சனத்துக்கு எப்படி வயதுபோகும் என்பது அந்த மெஷினுக்குத் தெரியாது. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

பள்ளிக்கூடப் பெடியன் ஒருவனுடைய படத்தைக் கொடுத்து, இவன் இருபது வருடம் கழித்து எப்படி இருப்பான் என்று கேட்டால், கண்வெட்டும் நேரத்துக்குள் ஒரு முகத்தைக் காட்டும். ஆனால் அது குளிரூட்டிய அறைக்குள்ளேயே இருந்து வயதுபோன முகமாக இருக்கும். தோல் மினுங்கும். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடு இருக்காது. வெற்றிலைக் காவி ஏறிய பல் இருக்காது. கடல் கடந்த ஊர்களின் முகங்களைத் தின்று வளர்ந்த மெஷின் அது. வன்னி முகத்தைச் சொல்லிக்கொடுக்க அதற்கு ஆள் வேண்டியிருந்தது. வன்னியிலோ, படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டோடு இருந்த பெட்டைகளுக்குக் குறைவே இல்லை.

அப்படித்தான் கிளிநொச்சியில் ஒரு பழைய நெற்களஞ்சியத்துக்கு வெள்ளையடித்து, இளம் பெண்களுக்கான டிஜிட்டல் பயிற்சி நிலையம் என்று பலகை மாட்டினார்கள். பயிற்சி இலவசம். மத்தியானச் சாப்பாடு உண்டு. பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை.

தயாளினி முதல் நாளே போய்ப் பெயர் பதிந்தாள். உயர்தரம் படித்து முடித்து, புடவைக்கடையில் நின்று கால் வீங்கி, அதையும் விட்டுவிட்டு வீட்டில் இருந்தவள். ஆனால் அவள் போனது வேலைக்காக மட்டும் இல்லை. பயிற்சி கொடுக்க வந்த ஷெறின் மிஸ் கொழும்பில் இருந்து வந்தவர். முதல் வகுப்பில் அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் தயாளினி அங்கே ஒட்டிக்கொண்டாள்.

"நீங்கள் பழக்கப்போற மெஷின் சும்மா படம் காட்டுறதுக்கு இல்லை பிள்ளைகள். காணாமல் போன ஆக்களுடைய முகத்துக்கு இப்போதைய வயசைக் குடுக்கும். பிறகு அந்த முகத்தோட நாடு முழுக்கத் தேடும். ஒவ்வொரு ஆஸ்பத்திரி, ஒவ்வொரு சிறைச்சாலை, ஆதரவற்ற ஆக்கள் இருக்கிற ஒவ்வொரு இல்லம். அங்க இருக்கிற எல்லா முகத்தையும் இதுக்குக் குடுப்பாங்க."

அந்த வகுப்பில் இருந்த பெட்டைகளில் யாரையாவது தேடாத வீட்டில் இருந்து வந்தவள் என்று ஒருத்தி இருந்திருப்பாளோ தெரியாது.

தயாளினி தேடியது அவளுடைய அண்ணன் நிரூபனை. யுத்தம் முடிந்த கடைசி நாளில், சனத்தோடு சனமாகப் பாலம் கடந்து வந்தபோது, வரிசையில் இருந்து ஆமிக்காரர் அவனைத் தனியே பிரித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவனுக்குப் பதினேழு வயது. அவளுக்கு நாலு. அவனுடைய முகம் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. வீட்டுச் சுவரில் இருந்த பள்ளிக்கூடப் படம்தான் அவளுக்கு அண்ணன். அந்தப் படத்தில், நெற்றியின் இடது ஓரத்தில் ஒரு சுழி. என்ன எண்ணெய் வைத்து வாரினாலும் அந்த இடத்து மயிர் மட்டும் எழுந்து நிற்கும். படத்திலும் நின்றது.

அந்தப் படத்துக்கு மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கு இல்லை. பக்கத்தில் இருந்த அப்பாவின் படத்துக்கு மூன்றும் உண்டு. அப்பா செல் குண்டு விழுந்து செத்தவர், கண்ணால் கண்டது. நிரூபனின் படத்தை அம்மா பரிமளம் தன் சேலைத் தலைப்பால் துடைப்பாள், அவ்வளவுதான். ஆராவது வீட்டுக்கு வந்து தெரியாமல் அந்தப் படத்துக்கும் பூ வைக்கப் போனால், அவள் கையைப் பிடித்துவிடுவாள்.

வகுப்பில் தயாளினிக்குப் பக்கத்து மேசை ஜெனிற்றா. முல்லைத்தீவுக் கரையாள். வாய் மூடாது. முதல் கிழமை, கடற்தொழிலாளி ஒருவரின் இளவயதுப் படத்தை மெஷினுக்குக் கொடுத்து வயதாக்கிக் காட்டினார் ஷெறின் மிஸ். திரையில் வந்த ஆள் வழுவழு என்று இருந்தார்.

"மிஸ், உது எங்கட ஆள் இல்லை," என்றாள் ஜெனிற்றா. "உவர் பாங்க் மனேஜர். உவர் வள்ளம் தள்ளப் போனா வள்ளமே சிரிக்கும்."

"சரி, நீ திருத்து பார்ப்பம்."

ஜெனிற்றா திருத்தினாள். முகத்தைக் கறுப்பாக்கினாள். கழுத்தில் உப்புக்காற்று வெடிப்பு வைத்தாள். முன்பல் ஒன்றைக் கழற்றினாள். மெஷின் அந்தத் திருத்தத்தை வாங்கி, அதே ஆளின் இப்போதைய உண்மைப் படத்தோடு வைத்துப் பார்த்து, பச்சை காட்டியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஆரடி அவர்?" என்று கேட்டாள் தயாளினி.

"என்ர மாமா. பல்லு மாமி உடைச்சது. அதை மெஷினுக்குச் சொல்லேல்ல."

மூன்று மாதம் இப்படியே போனது. உயிரோடு இருக்கிற ஆட்களின் அந்த நாள் படமும் இந்த நாள் படமும். சித்தப்பன்மார், கடைக்காரர், மேசன்மார், பஸ் கொண்டக்டர்மார். பெட்டைகள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஒட்டிய கன்னத்தை ஒட்டியதாகவே வைத்தார்கள். துப்பாக்கிச் சன்னம் கீறிய தழும்பைக் கீறினார்கள். குடியால் ஊதிய கண்ணை ஊத வைத்தார்கள். மெஷின் கெட்டித்தனமான பிள்ளை மாதிரிப் படித்தது. திருத்த வேண்டியது குறைந்துகொண்டே வந்தது.

பிறகுதான் காணாமல் போனவர்களின் படங்கள் வந்தன.

தயாளினியின் திரைக்கு வந்த முதல் படம் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பள்ளிக்கூடப் பெடியன். மெஷின் அவனை முப்பத்தேழு வயதாக்கி, வாடிய முகம் ஒன்றைக் காட்டியது. பழக்கினபடியே சரியாகக் காட்டியது. அவள் அதைப் பார்த்துவிட்டு, இருபது வருடம் அடைபட்டுக் கிடந்தவன் என்றால் இன்னும் இளைத்திருப்பானே என்று நினைத்து, கடைவாயில் ஒரு பல்லைக் கழற்றப் போனாள்.

"என்னடி செய்யிறாய்?" ஜெனிற்றாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஏன்?"

"அவன்ர அம்மா பாக்கப்போறா எல்லோ."

தயாளினியின் கை நின்றது. படம் முடிந்ததும் அது முதலில் வீட்டுக்குத்தான் போகும். இப்படித்தான் எங்கள் பிள்ளை இருப்பான் என்று வீட்டார் ஒப்புக்கொண்ட பிறகுதான் தேடத் தொடங்கும். அதுதான் ஒழுங்கு. ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு தாய், இருபது வருடத்துக்குப் பிறகு பிள்ளையைக் காணப்போகிறாள். அவளுக்குப் பல் இல்லாதவனையா காட்டுவது?

அவள் பல்லைத் திரும்ப வைத்தாள். வைத்த கையோடு கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை எடுத்தாள். சட்டைக் கொலர் கசங்கி இருந்ததையும் நிமிர்த்தினாள். இப்போது அவன், சுவிஸில் இருந்து லீவுக்கு வந்து நல்லூரில் நின்று படமெடுத்து அனுப்பும் மச்சான்மார் மாதிரி இருந்தான்.

அவள் மட்டும் இல்லை. ஒருவருக்கொருவர் சொல்லாமலே வரிசை முழுக்க அதைத்தான் செய்தது. ஒருத்தி மீசையைக் கத்தரித்துவிட்டாள். ஒருத்தி நரைத்த மயிரைக் கறுப்பாக்கினாள். தன் தம்பியைத் தொலைத்த ஒருத்தி, வருகிற எல்லாப் பெடியன்களுக்கும் இலேசாகச் சிரிப்பு வைத்தாள். பெற்ற வயிறு பார்க்கப்போகிற முகம் என்று தெரிந்த பிறகு, எங்கள் பெட்டைகளுக்கு வேறு மாதிரிச் செய்யக் கை வராது.

மெஷின் இதையும் படித்தது. வன்னியில் வீட்டோடு இருப்பவன் வாடிப்போவான், காணாமல் போனவன் தேறிப்போவான் என்று அது விளங்கிக்கொண்டது. ஏன் என்று கேட்க அதற்குத் தெரியாது. கேட்கவேண்டியவர் ஷெறின் மிஸ். அவர் ஒருநாள் இரண்டு மூன்று படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லாத்தான் இருக்கிறாங்க," என்று மட்டும் சொன்னார். அவர் கேலியாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று தெரியாமல் பெட்டைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

காணாமல் போனவர்களில் சொந்த வீட்டுப் படத்தைத் தானே தொடக்கூடாது என்பது நிலையத்தின் கட்டளை. நிரூபனின் படம் ஜெனிற்றாவுக்குப் போனது. அவள் அதை எல்லாரிலும் வடிவாகச் செய்தாள்.

படம் வந்த அன்று பரிமளம் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். தயாளினி போனை நீட்டினாள். அந்த முகம் வெறும் படம் இல்லை. கண் வெட்டும், தலையை இலேசாகச் சரிக்கும். கதைக்காது, அவ்வளவுதான் குறை. காலையில் ஒரு சட்டை, பின்னேரம் ஒரு சட்டை என்று தானாக மாற்றிக்கொள்ளும்.

பரிமளம் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சுழி நிக்குது பாத்தியே," என்றாள் கடைசியில். "அண்டைக்கும் எண்ணெய் வச்சுத்தான் விட்டனான்."

"அம்மா, உவர்தான் எண்டு நீங்கள் ஒருக்கா விரல் வைக்கோணும். அப்பத்தான் தேடத் தொடங்குவினம்."

"இதுக்கென்ன கேள்வி? என்ர பிள்ளை எனக்குத் தெரியாதே?"

விரலை வைத்தாள். அதன்படி, மகனைக் காணவில்லை என்ற அவளுடைய முறைப்பாடு தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது என்று கீழே சின்ன எழுத்தில் வந்தது. தயாளினி அதைப் பார்த்தாள். தேடல் தொடங்குகிறது என்பதையும் அதே திரை சொன்னதால் அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

அன்றில் இருந்து பரிமளத்தின் காலைத் தேத்தண்ணி போனோடுதான். அதைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரில் இருந்து குடிப்பாள். அந்த வீட்டில் தேத்தண்ணிக்குள் சீனி போடுவது இல்லை. பால் விடாத சாயத் தேத்தண்ணியைக் கையில் எடுத்து, மற்ற உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து, நக்கி நக்கிக் குடிப்பது. சீனி கிடைக்காத யுத்த நாளில் வந்த பழக்கம். அப்போதெல்லாம் பரிமளம் ஒரு கதை சொல்லுவாள், தயாளினி ஆயிரம் தரம் கேட்ட கதை.

"பங்கர்க் குழிக்குள்ள இருந்து நீ சீனி கேட்டு அழுவாய். இவன் தன்ர கைச்சீனியில பாதியை உன்ர கையில தட்டிவிடுவான். ஒருக்காலும் கேட்டுக் குடுக்கேல்ல. தானாத் தட்டிவிடுவான். பிறகு உன்ர விரலை மடக்கிவிடுவான், கொட்டிப்போடுவாய் எண்டு."

றோட்டோரத்தில் காணாமல் போனவர்களின் தாய்மார், பிள்ளைகளைத் திருப்பித் தா என்று பந்தல் போட்டு இருந்தார்கள். பரிமளமும் வருடக்கணக்காக அங்கே இருந்தவள்தான். முகம் வந்த பிறகு அவள் போகவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராய் வராமல் நின்றார்கள். கடைசியில் மங்களக்கா மட்டும், தன் மகனின் படத்தை மெஷினுக்குக் கொடுக்கமாட்டேன் என்று நின்றவள், வெறுங்கதிரைகளுக்கு நடுவே இருந்தாள். சந்தைக்குப் போன தயாளினியைக் கூப்பிட்டாள்.

"என்ன பிள்ளை, உங்கட மெஷின் எங்கட சனத்துக்குக் குழந்தைக்குக் குடுக்கிற மாதிரிப் பால்போச்சி குடுத்துப் படுக்க வச்சிட்டுதே?"

"தேடுறதுக்குத்தான் மங்களக்கா."

"தேடட்டும், தேடட்டும். கண்டுபிடிச்சா எனக்கும் ஒருக்கா வந்து சொல்லு. கதிரையை மடிச்சுப்போட்டு வாறன்."

மெஷின் நாடு முழுக்கத் தேடியது. ஒருத்தரையும் காணவில்லை. காணாமல் போனவர்களில் எவரும் எந்த இல்லத்திலும் எந்தச் சிறையிலும் இல்லை என்று முடிவு வந்தது. ஷெறின் மிஸ் அதை வாசித்தபோது குரல் தளர்ந்தாலும், வாசித்து முடித்தார். மெஷின் இனித் தானாகவே நடக்கும் என்றும், இரண்டு மாதத்தில் நிலையம் மூடப்படும் என்றும், எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு என்றும் சொன்னார்.

மிச்சமிருந்த நாட்களில் பெட்டைகளுக்கு ஒரு வேலைதான். மெஷின் பொருந்தாது என்று தள்ளிய முகங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து, தள்ளியது சரிதானா என்று பார்ப்பது. அந்த வேலையில் இருந்தபோதுதான் ஜெனிற்றா ஒரு பகல் தன் கதிரையைத் தயாளினியின் பக்கம் இழுத்தாள். அன்று அவள் பகிடி ஒன்றும் விடவில்லை.

"தயா, ஒண்டு காட்டுறன். கத்தாத."

திரையில் ஒரு ஆள். மலைநாட்டில், ஒரு மாதா கோயிலோடு சேர்ந்த இல்லத்தில் எடுத்த படம். மொட்டை அடித்துக் கொஞ்சம் வளர்ந்த தலை. குழிவிழுந்த கன்னம். வாய் உள்ளே போயிருந்தது. முன்பல் ஒன்றும் இல்லை. அறுபது வயது என்றாலும் நம்பலாம். பக்கத்தில் நிரூபனின் தேறிய முகம். நடுவே சிவப்பு.

"சிவப்புத்தானே," என்றாள் தயாளினி.

"நெத்தியைப் பார்."

இடது ஓரத்தில், அரை விரலளவு மயிரில், ஒரு இடம் மட்டும் எழுந்து நின்றது.

தயாளினி திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். பிறகு ஜெனிற்றா சொன்னாள்: "நான்தான்டி அவருக்கு அவ்வளவு பல்லும் வச்சன். உன்ர அம்மா பாப்பா எண்டு."

"சுழி கன பேருக்கு இருக்கும்," என்றாள் தயாளினி. ஆனால் இல்லத்தின் பெயரை எழுதிக்கொண்டுதான் எழும்பினாள்.

தாயைக் கூட்டிக்கொண்டுதான் அங்கே போகவேண்டும். ஏன் போகிறோம் என்று சொல்லாமல் கூட்டிப்போக முடியாது. சொன்னதும் பரிமளம் போனைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, புதுச் சேலை உடுத்தி, நிரூபனுக்குப் பிடிக்கும் என்று பயற்றம் பணியாரமும் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இல்லத்தை நடத்திய சிஸ்டர் பிலோமினா நீர்கொழும்புக்காரி. தமிழை உடைத்து உடைத்துப் பேசினார்.

"றோட்டில திரிஞ்சு பொலிஸ் கொண்டுவந்தது. கன வருஷம். பேச்சு இல்லை. பேர் தெரியாது. நாங்க 'மல்லி' சொல்லுறது. மல்லி எண்டா சிங்களத்தில தம்பி. நல்ல பிள்ளை. ஒரு கரைச்சலும் இல்லை."

மல்லியைக் கொண்டுவந்து ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். அவன் இவர்களைப் பார்த்தான், பிறகு மதிலைப் பார்த்தான். கையில் ஒரு நடுக்கம். பரிமளம் எட்டத்தில் நின்றபடியே கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். தேறிய முகம் கண்வெட்டிச் சிரித்தது. அவள் அதைப் பார்த்தாள். வாங்கில் இருந்தவனைப் பார்த்தாள். திரும்ப அதைப் பார்த்தாள்.

"இது ஆரோ கிழவன், பிள்ளை."

"அம்மா, கிட்டப் போய்ப் பாருங்கோ. நெத்தியைப் பாருங்கோ."

"என்ன நெத்தி? என்ர பிள்ளை இந்தா இருக்கிறான். நீங்கள்தானே செய்து தந்தனீங்கள்? மெஷினும் இல்லை எண்டுதானே சொன்னது? பாவம் அந்த மனுசன், அவற்ற தாய் எங்க கிடந்து அழுகுதோ." பணியாரப் பெட்டியைச் சிஸ்டரின் கையில் கொடுத்தாள். "எல்லாருக்கும் குடுங்கோ." கொடுத்துவிட்டு வெளியே போய், மாமரத்துக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் தேத்தண்ணி வந்தது. சாயத் தேத்தண்ணி, ஒரு தட்டில் சீனி. மலைநாட்டிலும் கையில் சீனி வைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் மல்லி உள்ளங்கையை நீட்டியபோது தயாளினி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு பெண் அவன் கையில் சீனி வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த தயாளினியின் கையை இழுத்து விரித்தான். தன் சீனியில் பாதியை அதில் தட்டினான். பிறகு அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான்.

அவள் "அம்மா" என்று கத்தினாள். பரிமளம் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் மதிலைப் பார்த்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு தயாளினி ஏறாத படி இல்லை. ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று கேட்டாள். முறைப்பாடு தீர்ந்துவிட்டது, அதைத் திரும்பத் திறக்கிறது என்றால் விரல் வைத்த தாய்தான் கேட்கவேண்டும் என்றார்கள். சிஸ்டரும் அதையே சொன்னார்: "அம்மா வந்து 'மகன்' சொன்னா நான் இண்டைக்கே அனுப்புவன். தங்கச்சி சொன்னா ஏலாது." தாயிடம் சீனிக் கதையைச் சொன்னாள். பரிமளம் அவளைப் பரிதாபமாகப் பார்த்து, "உனக்கு அவனைக் காணவேணும் எண்டு ஆசை, பிள்ளை. எனக்கும்தான். அதுக்காக?" என்றாள்.

வழி ஒன்றுதான் இருந்தது: போனில் இருக்கிற முகத்தை மல்லியின் முகமாக்குவது. அதை யோசித்தவள் தயாளினி. செய்தவள் ஜெனிற்றா, ஏனென்றால் படம் அவளுடைய கையில்தான் இருந்தது.

"நீ சொல்லு, நான் குறைக்கிறன்," என்றாள் ஜெனிற்றா. "ஒரேயடியாச் செய்தா அம்மா போனை எறிஞ்சுபோடுவா. கொஞ்சம் கொஞ்சமா."

முதல் நாள் கன்னத்தில் ஒரு துளி சதையை எடுத்தார்கள். அடுத்த நாள் வந்து பார்த்தால் சதை திரும்ப வந்திருந்தது. மெஷின்தான் வைத்திருந்தது. காணாமல் போனவர்கள் இப்படி இருக்கமாட்டார்கள் என்று அதற்குப் பழக்கியிருந்ததே. அது ஒவ்வொரு காலையும் தன் பாட்டில் கொஞ்சம் திருத்தும். ஆகவே அது வைப்பதைவிட அதிகமாக இவர்கள் எடுக்கவேண்டியிருந்தது.

"நாங்கள் பழக்கின நாய் எங்களையே கடிக்குது," என்றாள் ஜெனிற்றா, ஒரு பல்லைக் கழற்றிக்கொண்டே.

வீட்டில் பரிமளம் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு போனைக் கிட்ட வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். "தயா, இவன் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இல்லையே?"

"வயசு போகுதல்லோ அம்மா."

"வயசுபோனா இப்பிடியே? அங்க சாப்பாடு சரியில்லைப் போல."

எங்கே என்று தயாளினி கேட்கவில்லை. பரிமளம் அன்றில் இருந்து போனுக்கு முன்னால் சோறும் வைத்தாள். முதலில் ஒரு பிடி, பிறகு முட்டைப் பொரியலோடு ஒரு கோப்பை. அது ஆறிப்போகும்வரை பார்த்திருந்துவிட்டு எடுத்துக் கோழிக்குப் போடுவாள். தான் சாப்பிடமாட்டாள். கடைவாய்ப் பல் போன அன்று தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள், தனக்குக் கழற்றினது போல. கண்ணுக்குக் கீழே குழி விழுந்த அன்று விறாந்தையில் இருந்து ஊருக்கே கேட்க அழுதாள். "ஆரடா உன்னை இப்பிடிப் போட்டு வருத்துறது? ஆரடா?"

தயாளினி குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் நிலையத்துக்குப் போய் முன்பல்லையும் கழற்றச் சொன்னாள்.

"போதுமடி," என்றாள் ஜெனிற்றா. "உன்ர அம்மா செத்துப்போவா."

"இன்னும் கொஞ்சந்தான். அவரைப்போல வந்திடும்."

நிலையம் மூடுகிற கிழமை வந்தது. மேசைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை தயாளினி வெளிக்கிடும்போது பரிமளம் படலையடியில் நின்றாள். மெலிந்து, சட்டை தோளில் தொங்க நின்றாள்.

"நில்லு பிள்ளை. கேக்கிறன் எண்டு குறை நினையாத. அண்டைக்கு மலையில ஒரு மனுசனைக் காட்டினாய் எல்லே?"

"ஓம்."

"இவன் இப்ப அந்த மனுசன்ர சாடைதான். விடியக் காத்தால பாத்தன், வாய் அப்பிடியே." அவள் மூச்சு வாங்கினாள். "நான் வடிவாப் பாக்கேல்லைப் போல. நாளைக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ. பல்லு இல்லாதவனுக்குப் பணியாரம் கொண்டுபோனன், விசரி. பால்கஞ்சி காச்சிக்கொண்டு போவம்."

தயாளினி தாயின் கையைப் பிடித்தாள். பஸ்ஸுக்கு நடக்கவில்லை, ஓடினாள். நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஜெனிற்றாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு இல்லத்துக்குப் போன் எடுத்தாள், நாளைக்கு வருகிறோம் என்று சொல்ல.

சிஸ்டர் பிலோமினாதான் எடுத்தார்.

"பிள்ளை, உங்கட நம்பர் இங்க ஒருத்தரிட்டயும் இல்லை. நான் ஊருக்குப் போன நேரம். மல்லிக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில சளி. போன கிழமை அடக்கம் செஞ்சது. நான் வந்து பூ வச்சன்." பிறகு கேட்டார்: "அம்மா 'மகன்' எண்டு சொன்னாவா?"

தயாளினி போனை மேசையில் வைத்தாள். ஜெனிற்றா கேட்கவில்லை; முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். திரையில் நிரூபன் இருந்தான். பல் இல்லை, கன்னம் இல்லை. எழுந்து நின்ற சுழி மட்டும். கண்வெட்டிக்கொண்டிருந்தான்.

"இனி என்னடி செய்யிறது?"

"ஒண்டும் செய்யாத," என்றாள் தயாளினி. "கையை எடு."

பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது பரிமளம் கஞ்சிக்கு அரிசி களைந்து வைத்திருந்தாள்.

"அம்மா, போகத் தேவையில்லை. ரத்தம் பாத்துப்போட்டு இப்பத்தான் சொன்னவை. அது வேற ஆராம்."

பரிமளம் அப்படியே திண்ணைக் குந்தில் இருந்தாள். பிறகு அவளுடைய முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

"நான் அண்டைக்கே சொன்னனான்தானே. பெத்தவளுக்குத் தெரியாதே?"

"ஓம் அம்மா."

நிலையம் மூடியது. சான்றிதழ் தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு தயாளினி திரும்பவும் வேலை தேடத் தொடங்கினாள். மெஷின் எங்கோ இருந்து தன் பாட்டில் நடந்தது. ஒவ்வொரு காலையும், பழக்கினவர்கள் இல்லாமலே, அவர்கள் பழக்கினபடியே, நிரூபனின் கன்னத்தில் ஒரு துளி சதை வைத்தது. கண்ணுக்குக் கீழே இருந்த குழியை நிரப்பியது. ஒரு நாள் ஒரு பல் முளைத்தது.

பரிமளமும் சாப்பிடத் தொடங்கினாள். ஒரு காலை, சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தயாளினிக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அவளுடைய உள்ளங்கையில் சீனி வைத்தாள். தயாளினி அதை நக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டாள்.

"பார் பிள்ளை, இப்ப தேறியிட்டான் என்ன?"

"ஓம் அம்மா," என்றாள் தயாளினி. "அண்ணா நல்லாத் தேறியிட்டார்."